ட்யூனிங் பாக்ஸ் போடுவதற்கு முன்: காருக்கு இன்னும் வாரண்டி இருப்பவர்களுக்கு

கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள் என்ஜின் பவரைக் கூட்டும் ட்யூனிங் பற்றிக் கேட்க வந்தால், எத்தனை குதிரைசக்தி கூடும் என்பதைவிட இதைத்தான் அதிகமாகக் கேட்கிறார்கள்: "சர்வீசுக்கு விடும் முன்னால் பாக்ஸைக் கழற்றிவிட்டால் கண்டுபிடிக்க முடியாதுதானே?" முடியும். வெறும் ஆயில் மாற்றும் சர்வீசில் யாரும் தேட மாட்டார்கள், உண்மைதான். ஆனால் டர்போவோ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) இன்ஜெக்டரோ (எரிபொருளைத் தெளிப்பது) போய், பெரிய தொகைக்கு வாரண்டி கேட்டு நிற்கிறீர்களே, அன்றைக்குத் தேடுவார்கள், தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதனால் மறைப்பது எப்படி என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. நாளைக்கு என்ஜினில் ஏதாவது ஆனால் யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு முதலில் பதில் வைத்துக்கொண்டு, அப்புறம் பாக்ஸை வாங்கலாமா என்று யோசிப்பதற்கான வரிசை இது.

முதல் வேலை: வாங்கப்போவது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

என்ஜின் ட்யூனிங் என்ற ஒரே பெயரில் நாலு வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன. வாரண்டிக் கதையும் நாலுக்கும் வேறு வேறு.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும் இடம்) செருகுகிற, சில நூறு ரூபாய் விலையுள்ள "மைலேஜ் சிப்" ஒன்று. அதை வாங்காதீர்கள். இந்த ரகத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, எல்ஈடியை மின்ன வைக்க ஒரு சின்ன சர்க்யூட், அவ்வளவுதான். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட எரிபொருள் சேமிப்புச் சாதனங்களைப் பரிசோதித்திருக்கிறது, சொல்லிக்கொள்ளும்படி மைலேஜ் கூட்டியது எதுவுமில்லை.

இரண்டாவது பெடல் பாக்ஸ். ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் ஈசியூவுக்கும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நடுவில் உட்கார்ந்து, நீங்கள் கால்வாசி அழுத்தினால் பாதி அழுத்தியதாகச் சொல்லும். கார் துள்ளிக்கொண்டு கிளம்புவதுபோல் இருக்கும், ஆனால் பவர் ஒரு துளியும் கூடாது. என்ஜினுக்குத் தனியாக எந்தச் சுமையும் இல்லை என்பதால் நாலில் ஆபத்து குறைந்தது இதுதான். நிறையப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவதும் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது ட்யூனிங் பாக்ஸ், பிக்கிபேக் என்றும் சொல்வார்கள். பெங்களூருவின் ரேஸ் டைனமிக்ஸ் கார்களுக்குச் செய்யும் டீசல்ட்ரானிக், பைக்குகளுக்குச் செய்யும் பவர்ட்ரானிக் எல்லாம் இந்தக் குடும்பம். டீசலில் இது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் வாரண்டித் தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது. காமன் ரெயில் டீசலில் எரிபொருள் ஒரு குழாயில் 1,600 பார் அளவுக்கெல்லாம் அழுத்தத்தில் நிற்கும். அந்த அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார், மூன்று வயர், சிக்னல் பொதுவாக 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட்டுக்குள். பாக்ஸ் அந்தச் சென்சாரின் கனெக்டரில் நடுவே புகுந்து, அழுத்தம் நிஜத்தில் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதுபோல் வோல்ட்டைக் குறைத்துக் காட்டுகிறது. ஈசியூ அதை நம்பி, போதவில்லை என்று பம்ப்பை இன்னும் அழுத்தச் சொல்கிறது. இன்ஜெக்டர் முன்பிருந்த அதே அளவு நேரம்தான் திறந்திருக்கிறது, ஆனால் அதிக அழுத்தத்தில் அதிக டீசல் உள்ளே போகிறது, அதுதான் உங்கள் பிக்கப். டர்போ பெட்ரோலில் இதே வேலையை பூஸ்ட் சென்சாரிடம் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) செய்வார்கள். ஆக, பாக்ஸ் இருக்கும்வரை உங்கள் ஈசியூவுக்கு என்ஜினின் நிஜ நிலைமை தெரியாது. பாதுகாப்புக்காக அது வைத்திருக்கும் எல்லைகளை எல்லாம் இந்தப் பொய்யான எண்ணை வைத்துத்தான் அது கணக்குப் பார்க்கிறது.

நாலாவது ரீமேப். ஈசியூவுக்குள் இருக்கும் மென்பொருளையே (மேப் என்பார்கள்) மாற்றி எழுதுவது. நல்ல கை செய்தால் நாலில் சிறந்தது இதுதான், ஏனென்றால் சென்சார்கள் உண்மையையே சொல்லும், பூஸ்ட், இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்), எரிபொருள், டார்க் (சுழற்றும் விசை) எல்லை எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக மாற்ற முடியும். ஆனால் வாரண்டிக் கண்ணோடு பார்த்தால் ஆழமான தடம் விடுவதும் இதுதான்.

இரண்டாவது வேலை: தடம் எப்படி இருக்கும் என்று புரிந்துகொள்ளுங்கள்

என் கதையையே சொல்கிறேன். 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக், எக்ஸ்டெண்டட் வாரண்டியில் இருந்தது, பாக்ஸ் போட்டு எட்டு மாதம். சேலத்திலிருந்து கோவை வரும்போது பெருந்துறை தாண்டி ஒரு லாரியை முந்த வெளியே எடுத்தேன், பெடல் தரையில் இருக்கிறது, கார் போகவில்லை. செக் என்ஜின் லைட், 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால், பாக்ஸின் ஹார்னஸை (வயர்க் கட்டு) கட்டியிருந்த கேபிள் டை சூட்டில் காய்ந்து உடைந்து, வயர் ஆடி ஆடி, கனெக்டரின் நடுப் பின் அரை மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப்போயிருந்தது. பாக்ஸைப் பிடுங்கி, கம்பெனி கனெக்டரைச் சென்சாரிலேயே க்ளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது, லைட்டும் இரண்டு நாளில் அணைந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து சர்வீஸ். அட்வைசர் ஸ்கேனரைச் செருகினார், திரையில் ரெயில் பிரஷர் சிக்னல் கோளாறு, எத்தனை முறை வந்தது, வந்தபோது ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர், என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது, எல்லாம் வரிசையாக நின்றது. "வெளியில ஏதாவது போட்டிருந்தீங்களா சார்?" என்று கேட்டார், ஆமாம் என்றேன், ஜாப் கார்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து ஹை பிரஷர் பம்ப்பில் கசிவு. க்ளெய்ம் மேலே போய், அந்த ஒரு வரியைக் காட்டித் திரும்பி வந்துவிட்டது. 41,000 ரூபாய் கையிலிருந்து போனது. பம்ப்பை அதிகமாக வேலை வாங்கியது என் பாக்ஸ்தான், அதற்கும் கசிவுக்கும் சம்பந்தமில்லை என்று என்னால் வாதாட முடியவில்லை.

எரர் கோட் அழித்தால் போகுமே என்பார்கள். சாதாரண ஸ்கேனரில் அழிவது மேலாக இருக்கும் பட்டியல். எத்தனை முறை அழிக்கப்பட்டது, அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையெல்லாம் பல கார்கள் தனியாக வைத்திருக்கும். ரீமேப்பில் இன்னும் நேரடியான தடம்: ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, ஷோரூம் கருவி அதைக் கம்பெனிக் கணினியோடு ஒப்பிட்டால் பொருந்தாது. பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினால் அந்த எண் பொருந்திவிடும், ஆனால் ஈசியூவில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல மாடல்களில் அப்படியே நிற்கும். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் இதற்கு டிடி1 என்று பெயரே உண்டு. மாற்றிய மென்பொருள் சிக்கினால் சேசிஸ் எண்ணோடு சேர்த்து அந்தக் குறியைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் எந்த டீலரிடம் போனாலும் தெரியும்.

மூன்றாவது வேலை: வாரண்டிப் புத்தகத்தை எடுத்து உட்காருங்கள்

டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும். "வாரண்டி எவற்றுக்குப் பொருந்தாது" என்ற பக்கத்தைப் படியுங்கள். கம்பெனி அங்கீகரிக்காத மாற்றம், உதிரிபாகம், போட்டிகளில் பயன்படுத்தியது, இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். (கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒரு ட்ராக் டே போய், அந்தப் படத்தை ஊருக்கே காட்டுகிறவர்கள் இந்த மூன்றாவதை ஒருமுறை படிப்பது நல்லது.) சொற்களைக் கவனியுங்கள். மாற்றத்தால் "ஏற்பட்ட பழுதுக்கு" வாரண்டி இல்லை என்று எழுதியிருக்கிறதா, மாற்றம் செய்தாலே "வாரண்டி முழுவதும் ரத்து" என்று எழுதியிருக்கிறதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தால் அது தனி ஒப்பந்தம், சில சமயம் வேறொரு காப்பீட்டு நிறுவனமே அதற்குப் பின்னால் இருக்கும், அதன் நிபந்தனைகளையும் தனியாகப் படிக்க வேண்டும்.

இன்னொன்று. "வெளிப் பாகம் போட்டதற்காக வாரண்டியை ரத்து செய்ய முடியாது, பழுதுக்கு அதுதான் காரணம் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்" என்று ஒரு செய்தி வாட்சப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மாக்னசன் மாஸ் வாரண்டிச் சட்டத்தை வைத்து எழுதியது. இந்தியாவில் அந்தச் சட்டம் கிடையாது. இங்கே உங்களுக்கு இருப்பது அந்தப் புத்தகத்தில் உள்ள ஒப்பந்தமும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்.

நாலாவது வேலை: என்ஜினை விடுங்கள், கியர்பாக்ஸ் தாங்குமா?

எல்லோரும் என்ஜினைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் முதலில் கையை விரிப்பது பல நேரம் கிளட்ச்சும் கியர்பாக்ஸும்தான். நல்ல உதாரணம் ஃபோக்ஸ்வாகனின் டைகுன், விர்டஸ், ஸ்கோடாவின் குஷாக், ஸ்லாவியா கார்களில் வரும் 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் என்ஜின். பவர் 150 பிஎஸ், டார்க் 250 என்எம். ஆட்டோமேட்டிக்கில் அதோடு சேர்ந்து வருவது டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் வகை. அதற்குக் கம்பெனி வைத்திருக்கும் டார்க் எல்லை எவ்வளவு தெரியுமா? அதே 250 என்எம். அதாவது ஷோரூமிலிருந்து வரும்போதே கார் எல்லையில்தான் நிற்கிறது. அதன் மேல் 300 என்எம் தரும் ஸ்டேஜ் 1 (முதல் நிலை ரீமேப்) ஏற்றினால், கூடிய ஐம்பதையும் அந்த உலர் கிளட்ச்தான் சுமக்க வேண்டும். வாரண்டி இல்லாமல் டிஎஸ்ஜி பழுது பார்த்தவர் யாரிடமாவது ஒரு தடவை பில்லைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் காரின் கியர்பாக்ஸ் எந்த மாடல், அதன் எல்லை என்ன என்று தேடி எழுதி வையுங்கள். எல்லைக்கும் ஸ்டாக் டார்க்குக்கும் (கம்பெனி கொடுத்தபடி உள்ள டார்க்) இடைவெளி தாராளமாக இருந்தால் தொடர்ந்து படியுங்கள். இல்லையென்றால் பெடல் பாக்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிஎஸ்6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல்காரர்களுக்கு மட்டும் ஒன்று கூடுதலாக. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் டிபிஎஃப் என்ற கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அதிக டீசல் ஊற்றும் ட்யூன் அதிகக் கரியைத் தரும், வடிகட்டி சீக்கிரம் சீக்கிரம் தன்னைச் சுட்டெரித்துக்கொள்ளும், அதற்காகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். வடிகட்டியையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள், அது சட்டவிரோதம், நாம் சுவாசிக்கும் காற்றின் விஷயம்.

ஐந்தாவது வேலை: ட்யூனரிடம் கேட்க வேண்டியவை

போனில் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். "என்ஜின் வாரண்டி தருகிறோம்" என்கிறார்களா? சரி, எந்தெந்தப் பாகத்துக்கு, எத்தனை ரூபாய் வரைக்கும், எத்தனை மாதம், பழுதானால் எந்த ஒர்க்ஷாப்பில் பார்ப்பார்கள், காரணம் ட்யூன்தான் என்று முடிவு செய்வது யார்? அவர்கள் தருவது பெரும்பாலும் பாக்ஸுக்கான வாரண்டிதான், உங்கள் என்ஜினுக்கு அல்ல. இந்த வித்தியாசத்தை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ரீமேப் என்றால் உங்கள் காரிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஃபைலின் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும், "எங்களிடம் பத்திரமாக இருக்கும்" என்பது பதில் இல்லை. மேப் எந்தப் பெட்ரோலுக்கு எழுதியது என்றும் கேளுங்கள். அதிக ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு, அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) வரும், பிஸ்டன் சேதத்தில் முடியலாம். எத்தனாலுக்கு லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றும்போது கூடுதல் எரிபொருள் தேவை என்பதையும் மேப் எழுதியவர் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஒருவர் விளக்கமாகப் பேச ஆரம்பித்தால் அவரிடம் தொழில் இருக்கிறது. "அதெல்லாம் பிரச்சினையே வராது பாஸ்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆறாவது வேலை: போடுவதற்கு முந்தைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

ஒரு ப்ளூடூத் ஓபிடி ரீடர், போனில் ஒரு ஆப், போதும். ஒரு வாரம் வழக்கமாக ஓட்டும்போது பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் வெப்பம், கூலன்ட் வெப்பம், ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு), டீசலில் ரெயில் பிரஷர், எல்லாவற்றையும் லாக் எடுத்து வையுங்கள். எரர் கோட் எதுவும் இல்லை என்று ஸ்க்ரீன்ஷாட். முடிந்தால் டைனோவில் (பவரை அளக்கும் கருவி) ஒரு ஓட்டம். ஏற்கனவே கிளட்ச் வழுக்குகிற, ஆயில் குடிக்கிற காரில் ட்யூன் போட்டால் இருக்கும் நோயை வளர்ப்பீர்கள். அதோடு, நாளைக்கு ட்யூனரிடமோ கம்பெனியிடமோ வாதம் வந்தால், முன்னால் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி இதுதான்.

ஏழாவது வேலை: சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்சியில் ஏறிய விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ரோட்டில் நிறுத்தி ஈசியூவைப் படித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை என்பதால் அலட்சியமாக இருக்கிறோம். ஆனால் விபத்து என்று ஒன்று நடந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் பானட்டைத் திறக்கும்போது இந்த இரண்டு பிரிவுகளும் நினைவுக்கு வரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இன்ன சாதனம் பொருத்தப்போகிறேன், பாலிசிக்குப் பாதகம் உண்டா என்று கேளுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் அதையும் மதியுங்கள்.

எட்டாவது வேலை: போட்ட பிறகு முதல் சில வாரம்

பாக்ஸ் என்றால் வயர் போகும் வழியை நீங்களே நின்று பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம், டர்போவின் ஹீட் ஷீல்டு பக்கம் ஹார்னஸ் போகக் கூடாது, கனெக்டர் ஒவ்வொன்றும் க்ளிக் என்று உட்கார வேண்டும், வயரை வெட்டி ஒட்டும் வேலை எங்கேயும் இருக்கக் கூடாது. பாக்ஸில் பவரைக் கூட்டும் அமைப்பு (செட்டிங்) பலவாக இருந்தால் குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். முன்பு எடுத்த அதே எண்களை மறுபடி லாக் எடுத்து ஒப்பிடுங்கள். பி0087, பி0234 போன்ற கோட்கள் வந்தால் (முன்னது ரெயில் பிரஷர் குறைவு, பின்னது பூஸ்ட் அதிகம்) அழித்துவிட்டு ஓட்டாதீர்கள், சாதனத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மேல் கியரில் பெடலை அழுத்தும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஆயிலை கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்னதாகவே மாற்றுங்கள், பில்களை வைத்திருங்கள்.

வாரண்டி மறுக்கப்பட்டால்

பவர் விண்டோ மோட்டாரோ ஏசி கம்ப்ரஸரோ போனதற்கு ட்யூனிங்கைக் காரணம் காட்டினால் விடாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதேசமயம் ட்யூன் தொட்ட பாகம் போயிருந்தால், என்னைப் போல, அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்; பொய் சொல்லி க்ளெய்ம் வாங்குவது மோசடி, தவிர நியாயம் உங்கள் பக்கம் இருக்கிற க்ளெய்முக்கும் அப்புறம் மதிப்பிருக்காது.

மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். எந்தப் பாகம், என்ன காரணம், புத்தகத்தின் எந்த நிபந்தனை, ஸ்கேன் அறிக்கையின் பிரதி, எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். பழுதான பாகத்தைப் படமெடுத்து வையுங்கள், தீர்வு வரும்வரை அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள், பதில் திருப்தியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை உள்ள வழக்குகள் அங்கே போகும், பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். இதில் உங்கள் பலம் முழுவதும் நீங்கள் சேர்த்து வைத்த காகிதத்தில் இருக்கிறது: முன்னால் எடுத்த லாக், ட்யூனரின் எழுத்துப் பதில், சர்வீஸ் பில்கள், எழுத்தில் வாங்கிய மறுப்பு.

காரை விற்கும்போது

வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். ரீமேப் என்றால் ஸ்டாக் மேப்பை ஏற்றி, அந்த ஃபைலையும் ட்யூனர் பில்லையும் ஆர்சியோடு சேர்த்துக் கொடுங்கள். பாக்ஸ் என்றால் கழற்றி, எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். என் ஹேட்ச்பேக்கை வாங்கிய தம்பி அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, பம்ப் மாற்றிய பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார், அதையும் கொடுத்தேன், பேசிய விலையில் ஐயாயிரம் குறைத்துக்கொண்டு எடுத்துப் போனார்.